ஸ்கேன் சென்டர் பெஞ்சில் கேட்ட கேள்வி

இது நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அப்போதுதான் நான் உண்டாகியிருந்தேன். எங்களுக்குப் புதுச்சேரியில் முத்தியால்பேட்டை. உப்பளத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. பிரான்சுக்குப் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். அடுத்தவர் காகிதத்தில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும் என்று கொஞ்சம் கர்வம் உண்டு.

கர்வம் அதோடு நின்றால் பரவாயில்லை. உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். மதியம் சாப்பிடும்போது யாராவது கருக்கலைப்பு பாவம் என்று ஆரம்பித்தால் போதும், நான் விடமாட்டேன். சுமக்கிறவள்தான் முடிவெடுக்க வேண்டும், மற்றவர்களுக்கு அதில் என்ன வேலை என்று டப்பாவில் சாதம் காயும்வரை பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண் இப்படிப் பேசுவது உடன் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

மூன்றாம் மாதம் டாக்டர் ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அதில் கணக்குப் போட்டுச் சொல்வார்களாம். ஸ்கேன் சென்டரில் ஆதார் அட்டையைக் கேட்டு, ஒரு படிவத்தையும் நீட்டினார்கள். மளமளவென்று நிரப்பிக் கொடுத்தேன். வாய்ப்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பயமில்லை என்றார் டாக்டர். அன்று வீட்டில் பிரியாணி.

நாலு நாள் கழித்து, அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் வைக்கும்போதுதான் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வயதைப் பார்த்தேன். முப்பத்துநாலு. எனக்கு அப்போது முப்பத்தாறு முடிந்திருந்தது.

அப்பா என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது, பின்னால் சர்க்கார் வேலைக்கு உதவும் என்று இரண்டு வயதைக் குறைத்துக் கொடுத்திருந்தார். சர்க்கார் வேலைதான் வரவில்லை, குறைத்த வயது மட்டும் ஆதார்வரை கூடவே வந்துவிட்டது. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு தேதி, மற்ற எல்லாக் காகிதத்திலும் இன்னொன்று. எங்கள் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம். படிவம் என்றாலே என் கை தானாக அந்தப் பொய்த் தேதியை எழுதிவிடும். அன்றும் அதுதான் நடந்தது. ஆனால் இந்தப் பரிசோதனையில் தாயின் வயதை வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள். வயது கூடினால் வாய்ப்பும் கூடும்.

என் உண்மையான வயது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் என்ன எழுதினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மறுபடி கணக்குப் போடுவார்கள், கோட்டைத் தாண்டிப் போகலாம். சொல்லாவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், நானும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவள், பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ராத்திரி சொல்லிவிடலாம் என்று இருக்கும், காலையில் எதற்கு வம்பு என்று தோன்றும். கடைசியில் அடுத்த செக்கப்பில், டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். தைரியம் ஒன்றும் இல்லை. இனிமேலும் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் திட்டவில்லை. திரும்பக் கணக்குப் போடச் சொன்னார். பயந்தபடியே கோட்டைத் தாண்டிவிட்டது. இதுவும் வாய்ப்புதான், உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதில் கரு கலைந்துபோகும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நான் மதியச் சாப்பாட்டில் சொல்லும் அதே வசனம். இப்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

கணவரிடம் சொன்னேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என்றார். அன்பாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. மாமியார் தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போகிறவர். அவர் நிச்சயம் கூடாது என்பார், ஒரு சண்டை போடலாம், சண்டை போட்டால் எனக்குத் தெளிவு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஊரான் வூட்டுப் பொண்ணா இருந்தா பாவம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா. நீ டாக்டர்கிட்ட போ, நான் கோயிலுக்குப் போறேன்" என்றார்.

சண்டைக்கு வழியில்லாமல் போய்விட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்தேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒழுங்கான காரணம் சொல்லத் தெரியாது. ஊசி போடும் நாளில் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை, ஸ்கேனில் ஏதோ தெரிந்ததால் அனுப்பியிருக்கிறார்கள். பயத்தில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கும் உள்ளே அதே பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? இதெல்லாம் சும்மா ஒரு நிச்சயத்துக்குத்தான், நமக்கெல்லாம் நல்லபடியாகத்தான் வரும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் நம்பினாள். அதுதான் பின்னால் என்னைக் குத்தியது.

ரிப்போர்ட் வாங்கும் நாளிலும் இருவரும் ஒன்றாகத்தான் காத்திருந்தோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். குறை ஒன்றும் இல்லை. வெளியே வந்து கணவருக்கு ஃபோன் செய்து சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கணவரோடு உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். அவர் வண்டியை எடுக்கப் போனார். அவள் வந்து மறுபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் இருந்த என் ரிப்போர்ட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"அக்கா, உங்களுக்கு இப்படி வந்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்றாள்.

வாயைத் திறந்தேன். உன் விருப்பம் என்று சொல்லலாம், கடவுள் கொடுத்தது என்று சொல்லலாம். இரண்டுமே அந்த நேரத்தில் தப்பித்து ஓடுவதாகத் தோன்றியது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"டாக்டரும் நீதான் சொல்லணும்னாங்க. அவரும் நீ சொல்லுன்னுட்டாரு. எல்லாரும் என்னையே சொல்லச் சொல்றாங்கக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வண்டி வந்து நின்றது. எழுந்து போய்விட்டாள். ஃபோன் நம்பர்கூட நான் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், கேட்கப் பயந்தேன்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. மூலக்குளத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வில்லியனூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன். அந்தப் பெண்ணை இடுப்பில் ஒரு குழந்தையோடு பார்க்க ஆசைப்படுகிறேனா, தனியாகப் பார்த்தால் நிம்மதியாக இருக்குமா, அதுவே எனக்குப் புரியவில்லை. ஒரு சமயம் அப்படித் தோன்றுகிறது, ஒரு சமயம் இப்படி. அலுவலகத்தில் அந்தப் பேச்சு இன்னும் வருகிறது. சுமக்கிறவள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை உரக்கச் சொன்ன நாட்களில், அதே வார்த்தைகளைச் சொல்லியே ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டு வரவும் முடியும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.