பூட்டக்காவும் எல்லை தாண்டிய நகலும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போவார். நாம் பூட்டாமல் போனால் அவரே பூட்டிவிட்டு, திரும்பி வரும்போது ஒரு முறைப்பு முறைப்பார். வாடிக்கையாளர்களின் தகவல் பாதுகாப்புக்கு அவர்தான் பொறுப்பு. ஊர் வாயில் விழுவதற்கென்றே அமைந்த வேலை.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் நோயாளிப் பதிவுகளை நாங்கள் கிளவுடில் பராமரித்தோம். அவை அந்த நாட்டு சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. அது அவர்கள் சட்டம். ஒரு மதியம் அக்காவுக்குப் போன் வந்தது. பேசியவர் அவருடைய தங்கை கணவர். எங்கள் அலுவலகத்திலேயே மேல்மாடியில் மென்பொருள் சோதிப்பவர்.

“அக்கா, தப்பு பண்ணிட்டேன். டெஸ்டுக்குப் போலிப் பேரு போட நேரமில்லாம நிஜப் பதிவையே காப்பி பண்ணிட்டேன். அது வேற நாட்டு சர்வர்ல போய் உக்காந்திருக்கு. இன்னும் யாருக்கும் தெரியாது. மொத்தமா அழிச்சிடவா?”

“கை வைக்காதீங்க! யாரெல்லாம் திறந்தாங்கங்கிற விவரமும் சேந்து போயிடும். அப்புறம் யாரும் பாக்கலைன்னு எதை வச்சு சொல்றது? யாரும் திறக்க முடியாதபடி நான் பூட்டிடுறேன்.”

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. “சத்தமில்லாம முடிங்க. ஒப்பந்தம் போச்சுன்னா எல்லாரும் நடுத்தெருவுலதான்” என்றார்.

“மறைச்சு, அவங்களே கண்டுபிடிச்சாங்கன்னா அப்பதான் நடுத்தெரு” என்றார் அக்கா.

இரண்டு குடும்பமும் ஒரே வீடு. “என் புருஷன் வேலைக்கு நீயே உலை வைக்கிறியா?” என்று தங்கை கத்தியிருக்கிறாள். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்ததாம். அழுதுகொண்டே நடந்ததை அறிக்கையாக எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்.

மருத்துவமனைக்காரர்கள் துருவித் துருவிப் பார்த்தார்கள். நகலை யாரும் திறக்கவில்லை என்பது தெளிவானது. ஒப்பந்தம் தப்பியது, மாப்பிள்ளையின் வேலை தப்பவில்லை. சோதனையைச் சீக்கிரம் முடி என்று அவரை விரட்டிய மேலாளர் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறார். நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட மகளை அனுப்புவாளாம்.

சில மாதம் கழித்து, மாப்பிள்ளை விண்ணப்பித்திருந்த கம்பெனியிலிருந்து அவரைப் பற்றி விசாரிக்க அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரை ஏன் வேலையை விட்டு அனுப்பினாங்க?”

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். கத்திச் சத்தம் நின்றுபோனது.

“இவ்வளவு நடந்திருக்கு. நாங்க எப்படிங்க அவரை எடுக்கிறது?”

“தப்பு நடந்தது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒரு பட்டனை அமுக்கியிருந்தா அதுவும் மறைஞ்சிருக்கும். அமுக்காம எனக்குப் போன் பண்ணாரு. அந்த மாதிரி ஆளு உங்ககிட்ட எத்தனை பேரு இருக்காங்க?”

“சரி, அவரை ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்க” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

“அக்கா,” என்றாள் தங்கை, “எப்ப வரணும்னு கேளு.”