எந்த ரெய்டு போடட்டும், அண்ணாச்சி?

கோவில்பட்டி வட்டாரத்தில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க் பெட்டி மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. டிஸ்க் செத்தால் முதல் திட்டு வாங்குவதும் நான்தான். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோர்க்கும் முறைக்குப் பெயர்தான் ரெய்டு; எண் மாறினால் கோர்க்கும் விதமும் மாறும்.

ரெண்டுலயும் போச்சு

கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளிக்கு இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 அமைத்தேன். ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். “தனியா பேக்கப்பும் வேணும்” என்றேன். “அதான் ரெண்டுல இருக்கே” என்றார். ஒருநாள் அவர் மருமகன் இடத்தை அடைக்கிறதென்று ஒரு ஃபோல்டரை அழித்தார். தப்பான ஃபோல்டர். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் காலி. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரெண்டாவதையாவது அழிக்காம இருக்கச் சொல்லி வச்சிருக்கலாம்லா?”

சத்தம்

தீப்பெட்டி ஆபீசில் நான்கு டிஸ்க், ரெய்டு 5. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும்; அதற்குள் புதுசு மாற்றிவிட வேண்டும். அதனால் ஒன்று செத்ததுமே பெட்டி கத்தும்படி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் போன் வந்தது, எதுவுமே திறக்கவில்லை என்று. போய்ப் பார்த்தால் இரண்டு டிஸ்க் செத்துக் கிடந்தன. இனி ஒன்றும் செய்ய முடியாது. முதல் டிஸ்க் போனபோது கத்தவில்லையா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“பொங்கலுக்கு முந்தியே கத்துச்சு. காது வலிக்குன்னு ஒரு ஆளைக் கூப்பிட்டு சத்தத்த சரி பண்ணிட்டோம்.”

பாதி

போட்டோ ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு வேகமும் வேண்டும், இரண்டு டிஸ்க்கின் முழு இடமும் வேண்டும். அதற்கு ரெய்டு 0 தான். ஒவ்வொரு படத்தையும் துண்டு போட்டு, பாதி இங்கே, பாதி அங்கே வைக்கும். “ஒண்ணு செத்தா ரெண்டும் வீண், அண்ணாச்சி” என்று மன்றாடினேன். “புது டிஸ்க் ஏன் சாகுது?” என்றார்.

முகூர்த்த சீசனில் ஒன்று செத்தது. நாகலாபுரத்துக் கல்யாணம் ஒன்று முழுக்க அதில்தான் இருந்தது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார்கள். செத்த டிஸ்க்கிலிருந்து படம் மீட்பவர்களிடம் மதுரைக்கு அனுப்பிப் பார்த்தோம், கையை விரித்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த கையோடு மாரடைப்பில் போய்விட்டார். மகளோடு அவர் நின்ற கடைசிப் படங்கள் அவை. அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்தபோது அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். ஒரு டிஸ்க் செத்ததையும், படங்கள் துண்டாகி இருப்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ நல்லா இருக்குற டிஸ்க்குல எங்க அப்பா பாதியாவது இருப்பாவல்லா?”

இன்றைக்கும் புதுப் பெட்டி மாட்டும் இடத்திலெல்லாம் எது செத்தால் எது மிஞ்சும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர்கள் மொத்தம் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.