வெறும் திரை

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் கணினி வைத்து, விண்ணப்பம் டைப் செய்து கொடுப்பவள் சூர்யகலா. அந்தக் கடை போனால் அவள் சொந்தக் காலில் நிற்க வேறு வழி கிடையாது. புருஷன் பால்பாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறான். சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு நேரே கடைக்கு வருவான். திரையில் இருக்கும் ஐகான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான். பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதுதான் அவனுக்கு இரண்டாவது சோலி.

கணினியோ பழசு. பழைய கணினிக்கும் தோதான லினக்ஸ்தான் ஓடியது, ஆனாலும் ஒரு விண்ணப்பம் திறப்பதற்குள் வந்தவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். இரண்டு மதியம் முட்டி மோதி, அதன் கனத்த முகப்பை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான முகப்புக்கு மாறினாள். திரையின் கீழே கிடந்த பட்டையை இடப்பக்கம் நிறுத்தினாள். ஐகான்களை எல்லாம் துடைத்துவிட்டு வெறும் பச்சை நிறம் வைத்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் மெனு வரும். கணினி பறந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று பால்பாண்டி வந்தான்.

"ஐகான் எல்லாம் எங்கடி? எவன் போட்டோவ மறைச்சு வச்சிருக்கே?"

"ஒண்ணும் மறைக்கல மாமா. எல்லாம் மெனுக்குள்ள இருக்கு, காட்டுறேன்."

காட்டவிட்டால்தானே! ஜீப்பிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்தான் அந்தச் சூரன். முதல் அடி திரையில் விழுந்தது. அடுத்தது, தடுக்கப் போன அவள் வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்றவர்களுக்கே கேட்டது. முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். ஒரு பல் இரத்தத்தோடு விழுந்தது. வேடிக்கை பார்த்த வெட்கங்கெட்ட கூட்டத்தில் ஒருத்தரும் உள்ளே வரவில்லை.

சிலமலையில் அம்மா வீட்டில் மூன்று நாள் கிடந்தாள். நான்காம் நாள் மாவுக்கட்டோடு வந்து கடையைத் திறந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கலையரசி ஒரு பழைய திரையைக் கொடுத்தாள். மவுசை இடது கைக்கு மாற்றி அமைத்தாள் சூர்யகலா. அடிக்கடி வேண்டிய கட்டளைகளை எல்லாம் இடது கை விரல்களுக்கு எட்டும் பட்டன்களில் வைத்தாள். பிறகு அன்று முழுக்க ஒரே ஒரு மனுவை டைப் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் பால்பாண்டி ஸ்பேனரோடு வந்து நின்றான்.

"ஆத்தா வீட்டுக்கு ஓடிட்டா விட்டுருவனா? வெரசா கடையப் பூட்டுடி!"

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பினாள். பச்சை நிறத்தில் ஒரே ஒரு ஐகான் இருந்தது.

"ஐகான் எங்கன்னு கேட்டேல்ல? உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். தொறந்து பாரு."

ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவனை 'நீ' என்று அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. திறந்தான். முறிந்த எலும்பின் எக்ஸ்ரே. அதன் கீழே அவன் பெயர், ஜீப்பு நம்பர், எத்தனை அடி, எதால் அடித்தான் என்ற விவரம். ஒரே வீச்சில் அந்தத் திரையையும் நொறுக்கினான்.

"ஒடை," என்றாள் சூர்யகலா. "நேத்தே அனுப்பிட்டேன்."

வாசலில் இரண்டு மகளிர் போலீசார், கையிலிருந்த காகிதத்தோடு ஜீப்பு நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.