கழுத்தில் தொங்கிய சுவிட்சு

வாப்பா ஒருமுறை மயங்கி விழுந்ததிலிருந்து என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. குர்லாவில் தோல்பை தைக்கும் பட்டறை. கால் மிஷினில் இருக்கும், மனசு தாராவியில் கிடக்கும். உம்மா போனபின் எங்கள் ஒற்றை அறையில் பகல் முழுக்க அவர் தனி.

சயான் ஸ்டேஷன் பக்கம் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த நம்ம ஊர்க்காரர் ஒருவர் வழி சொன்னார். காலிங்பெல் சுவிட்சை நீள ஒயரில் கோத்து வாப்பா கழுத்தில் மாட்டுவது. மணி சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு அக்கா அறையில். வீட்டுக் கரண்ட் வேண்டவே வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் இரண்டு டார்ச் செல்லில் ஓடும்படி செய்துகொடுத்தார். சுவிட்சுக்கு மிச்சத் தோலில் நானே ஒரு உறை தைத்தேன்.

"மாட்டுக்குக்கூட மணி அது கழுத்துலதாம்ல கெடக்கும். எனக்கு மணி அடுத்த வீட்டுல," என்றார் வாப்பா.

வாசலில் நின்ற அக்கா விடவில்லை. "சும்மா சும்மா அமுக்கி என் தூக்கத்தக் கெடுத்தீருன்னா செல்லக் கழத்திருவேன், பெரியவரே."

அதற்குமுன் அக்கா பகலில் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்ப்பாள். இனி அலைய வேண்டாம்க்கா என்று நான்தான் சொன்னேன்.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் பட்டால் ஆள் காலி என்பதுதான். தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வேன்: "வாப்பா, அதுல தண்ணி மட்டும் படக்கூடாது. மோரிக்குப் போறப்ப கழத்தி ஆணியில போட்டுருங்க." மோரி என்றால் அறை மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தடுத்துக் கட்டிய இடம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வதும் அங்கேதான்.

"நேத்தும் சொன்ன, முந்தாநாளும் சொன்ன. போ, டிரெயின் போயிரும்."

ஒரு வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் மதியத் தொழுகைக்கு ஒளு செய்யப் போனவர் மோரியில் வழுக்கி விழுந்துவிட்டார். சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். முனகத்தான் முடிந்தது. சுவிட்சு ஆணியில் தொங்கியது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மணி அடிக்கலயே தம்பி. நான் கடைக்குக்கூடப் போவலயே. அடிக்கலன்னதும் நல்லாத்தான் இருக்காருன்னுல்லா நெனச்சேன்."

டாக்சியில் என் மடியில் தலை வைத்திருந்த வாப்பா, நான் அழுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி படல மக்கா. கழத்திட்டுத்தான் போனேன்." ஏதோ அதற்காக நான் அழுவதுபோல.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலேயே மௌத்தாகிவிட்டார்.

ஒயரைப் பிரிக்க வந்த கடைக்காரரிடம் அப்போதுதான் கேட்டேன், சுவிட்சு நனைந்திருந்தால் கரண்ட் அடித்திருக்குமா என்று.

"ரெண்டு டார்ச் செல்லு பாய், அது யார அடிக்கும்? மிஞ்சிப்போனா சுவிட்சு கெட்டிருக்கும். வேற போட்டிருப்பேன்."

அவர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அந்த ஒரு வருஷமும் அவர் கடையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஒருநாள்கூட நின்று இதைக் கேட்கத் தோன்றவில்லை. வாப்பாவைப் பயமுறுத்தத்தான் தோன்றியது.