இல்லை என்று வந்தவனுக்கும் அதே கைதட்டு

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சிட்னியில் நாங்கள் இருக்கிற மெரிலேண்ட்ஸில் ஒரு பொது மண்டபத்தில் நடந்தது இது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். றோட்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கோயிலுக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் தங்கச்சி, அவளுடைய மகள். நான் கல்யாணம் செய்யவில்லை, தங்கச்சியின் புருஷனை ஊரிலேயே இழந்துவிட்டோம். படகில் வந்து இத்தனை வருஷமாகியும் எங்களுக்கு இன்னும் பிரிட்ஜிங் விசாதான். முடிவு வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம், அவ்வளவுதான். தங்கச்சிக்குச் செவன் ஹில்ஸில் சாப்பாடு பொதி செய்கிற பக்டரியில் வேலை. தங்கச்சியின் மகள், அதாவது என் பெறாமகள், ஆறு வயதில் இங்கே வந்தவள். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

ரிசல்ட் நன்றாக வந்தது. பார்மசி படிக்க இடமும் கிடைத்தது. அந்த ஈமெயிலை அவள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். முதல் பாதியைச் சிரித்துக்கொண்டு வாசித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. எங்களுடைய விசாவுக்கு, அவளும் வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிற பிள்ளை மாதிரித்தானாம். அரசாங்கக் கடன் கிடையாது, முழுக் கட்டணமும் நாங்களே கட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த நாட்டிலேயே படித்த பிள்ளை. தங்கச்சி எழுந்து குசினிக்குப் போய்ச் சோற்றை வடித்தாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை எதற்கு விண்ணப்பித்திருக்கிறது என்று காரியம் முடியும்வரை மூச்சு விடமாட்டோம், சொன்னால் கண்ணூறு, நாவூறு படும். காரியம் சரிவரவில்லை என்றால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டோம். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் தங்கச்சி, பிள்ளை நன்றாகச் செய்திருக்கிறாள், எதைப் படிப்பது என்று இன்னும் யோசிக்கிறாள் என்றாள். திரும்பி வரும்போது காருக்குள் என்னைப் பார்த்து, “அக்கா, ஒருத்தரிட்டையும் வாய் திறக்கப்படாது” என்றாள். நான் எப்போது வாய் திறந்தேன்?

அது மட்டுமல்ல, தன்னுடைய பக்டரியிலேயே மகளுக்கு வேலையும் கேட்டு வைத்துவிட்டாள். நான் சொல்லுகிற சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவள் வேலை தொடங்க வேண்டும். நீலச் சட்டையும் தலைக்கு வலையும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தாள்.

இனி அந்த மண்டபத்துக்கு நான் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். எனக்குப் பக்கத்துக் கதிரை, தென்சூடான் நாட்டு அம்மா ஒருவருக்கு. அவருக்கும் எனக்கும் சேர்த்து ஐம்பது இங்கிலீஷ் சொல் இருந்தால் அதிகம். மிச்சத்தைக் கையால் பேசுவோம். ஒருவரையொருவர் சிஸ்டர் என்று கூப்பிடுவோம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவரோடு பழகுவதற்கு முன்பு, ஸ்டேஷனில் உயரம் உயரமாய்க் கறுப்பினப் பொடியன்கள் கூட்டமாய் நின்றால் நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் போவேன். எங்கள் ஆட்கள் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத மனமில்லை.

ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும், யூனிவர்சிற்றி முடிவுகள் வந்ததும் கூடுவார்களாம். அன்றைக்குத் தேத்தண்ணி, பலகாரம் கொடுக்க உதவிக்கு வரச்சொல்லி அந்த அம்மா கேட்டார். குசினிக்குள்தானே நிற்கப்போகிறேன் என்று சம்மதித்தேன். ஐம்பது உளுந்து வடையும் சுட்டுக் கொண்டுபோனேன்.

மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாது. சூடான், கொங்கோ, எத்தியோப்பியா என்று பல இடம். கதிரைகளை வட்டமாய்ப் போட்டிருந்தார்கள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு கொடுக்கிற ஜன்னல் ஒன்று இருந்தது, அதால் நான் பார்த்தேன். ஒவ்வொருவராய் எழுந்து நின்று, தாங்கள் எங்கே விண்ணப்பித்தார்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எங்கே பிழை விட்டார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. மீதியைச் சூடான் அம்மா நடித்துக் காட்டினார். ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில், உனக்கு யூனிவர்சிற்றி சரிவராது, வயோதிபர் இல்லத்து வேலைக்குப் படி என்று சொன்னார்களாம். அவளுக்குச் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. இன்னொருத்தி நேர்முகத்துக்குப் போனபோது, இங்கிலீஷ் எப்போது பழகினாய் என்று கேட்டார்களாம். அவள் பிறந்ததே இங்கே சிட்னியில், பிளக்டவுனில். அவள் அந்த ஆளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக் காட்ட, எல்லாரும் கதிரையில் சாய்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அவள் கண்ணைத் துடைத்ததையும் கண்டேன்.

பிறகு எழுந்தவன் இந்தச் சூடான் அம்மாவின் மகன். ஆறடிக்கு மேலே. ஐந்து இடத்துக்குப் போட்டு ஐந்தும் இல்லை என்று சொன்னான்.  தாய் பக்கத்தில் நிற்கிறாரே, எந்த முகத்தோடு நிற்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலால் தலையை நீட்டி, இங்கே பாத்திரம் கழுவுகிற யூனிவர்சிற்றியில் இடமிருக்கிறது, வா என்று கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. சட்டம் கிடைத்தவளுக்கு எவ்வளவு கைதட்டினார்களோ அவ்வளவுதான் அவனுக்கும். குறையவும் இல்லை, பரிதாபத்துக்குக் கூடவும் இல்லை. அது அவர்களுடைய சட்டமாம். இல்லை என்று வந்தவரும் எழும்ப வேண்டும், எல்லாருக்கும் ஒரே கைதட்டு.

நான் கோப்பை கழுவத் திரும்பினேன். அப்போதுதான் மண்டபத்திலிருந்து அந்தச் சொல் வந்தது. விசா. எந்தப் பாஷையில், எந்த வாயில் வந்தாலும் அந்தச் சொல்லுக்கு என் காது நிமிரும். சின்னச் சின்னப் பின்னலாய் முடி பின்னிய கொங்கோ நாட்டுப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜிங் விசா என்றாள். யூனிவர்சிற்றி என்றாள். ஸ்கொலர்ஷிப் என்றாள். முதல் வருஷம் நோ, இரண்டாம் வருஷம் யெஸ் என்றாள். இப்போது இன்ஜினியரிங் படிக்கிறாளாம். விண்ணப்பம் புதன்கிழமை முடிகிறது, யாருக்காவது வேண்டுமா என்று சுற்றிப் பார்த்துக் கேட்டாள். ஒருவரும் கை தூக்கவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். தங்கச்சி சொன்னது காதில் நின்றது. அந்த நீலச் சட்டை கண்ணில் நின்றது. எப்படிப் போனேன் என்று தெரியாது, ஈரக் கையோடு வட்டத்துக்கு நடுவில் நின்றேன். நாற்பது முகமும் என்னைப் பார்த்தன.  எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்து, “மை சிஸ்டர் கேர்ள். பார்மசி, யெஸ். பிரிட்ஜிங் விசா. மண்டே, பக்டரி” என்றேன். அதற்குமேல் சொல் இல்லை.

 எல்லாரும் கைதட்டினார்கள். மற்றவர்களுக்குத் தட்டின அதே அளவு. அறுபத்தேழு வயதில் எனக்கு முதல் தடவையாக யாரோ கைதட்டினார்கள்.

கொங்கோப் பெண் என் பக்கத்தில் வந்து, உன் பிள்ளை எங்கே என்று கேட்டாள். பெறாமகளுக்கு அங்கிருந்தே ஃபோன் எடுத்தேன். “பெரியம்மா, ஆரிட்ட கேட்டுச் சொன்னனீங்கள்? நான் வரமாட்டன்” என்று வைத்துவிட்டாள். சரி, அவள் வராவிட்டால் நாங்கள் போவோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வீடு பத்து நிமிட நடை. முன்னால் நான், பக்கத்தில் சூடான் அம்மா, பின்னால் கொங்கோப் பெண், அவளுக்குப் பின்னால் மிஞ்சின வடைத் தட்டோடு அந்த ஆறடிப் பிள்ளை. என் கைப்பையையும் அவன்தான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில்தான் அதைக் கவனித்தேன். வெட்கமாக இருந்தது.

எங்கள் அடுக்குமாடி பிளட்ஸில் கீழ்வீட்டுக்காரரும் தமிழ் ஆட்கள்தான். அந்த வீட்டு அன்ரிக்குத் தெரியக்கூடாது என்றுதான் தங்கச்சி படியில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். அவர் வாசலில் நின்று எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, வீட்டில விசேஷமோ?” என்றார்.

“ஓம். பிள்ளைக்குப் பார்மசி கிடைச்சிருக்கு. விசாவால போக ஏலாமக் கிடக்கு. அதுக்குத்தான் இவை வந்திருக்கினம்” என்றேன். இரண்டாம் தடவை சொல்லுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

கதவைத் திறந்த தங்கச்சி எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே இழுத்தாள். “ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள் அக்கா?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நீ விட்டிருக்கமாட்டாய்.”

என் வாழ்க்கையில் அவளை எதிர்த்து நான் பேசியது அன்றைக்குத்தான்.

கொங்கோப் பெண் ஒருவரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெறாமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் இங்கிலீஷில் கடகடவென்று கதைத்தார்கள். கொங்கோப் பெண் முதல் வருஷ விண்ணப்பத்தில் மார்க்கை மட்டும் எழுதினாளாம், மார்க் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, உனக்கு என்ன நடந்தது என்று எழுது என்றாளாம். பெறாமகள் தாயைப் பார்த்தாள். படகைப் பற்றி எழுத வேண்டும்.

தங்கச்சி உடனே மறுத்தாள். ஒரு சொல் பிசகினாலும் விசாக் கேசுக்குப் பிழையாகிவிடும் என்று அவளுக்குப் பயம். அது பொய்ப் பயமும் அல்ல. தங்கச்சியின் முகமே அதைச் சொல்லியது, பெறாமகள் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கொங்கோப் பெண், தன்னுடைய அம்மாவும் இதைத்தான் சொன்னார் என்று சொன்னாளாம். இலவசமாய் உதவுகிற லோயர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் காட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் அனுப்பு என்று ஒரு தாளில் இடத்தை எழுதிக்கொடுத்தாள். சூடான் அம்மா தங்கச்சியின் கையில் ஒரு வடையை வைத்து, இங்கிலீஷில் ஈற், ஈற் என்று சாப்பிடச் சொன்னார். தங்கச்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலையில் தங்கச்சி பக்டரிக்கு ஃபோன் எடுத்து, தானும் வரவில்லை, மகளும் வரவில்லை என்று சொன்னாள். இரண்டு பேரும் றெயில் ஏறி லோயரிடம் போனார்கள். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எழுதினதைப் பார்த்து அவர் இரண்டு வரியை வெட்டச் சொன்னார், மற்றது சரி என்றார். செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள்.

மூன்று கிழமை கழித்து, பெப்ரவரி மாதம், இல்லை என்று பதில் வந்தது.

நான் சோறு தின்னவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லி, பிள்ளையை நானே தலைகுனிய வைத்துவிட்டேனே என்று இருந்தது. தங்கச்சி என்னைத் திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். பிள்ளை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்டரிக்குப் போனாள்.

மார்ச் மாதம், பிந்திய முடிவுகள் எல்லாம் வந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் திரும்பவும் மண்டபத்தில் கூடினார்கள். எனக்குப் போக முகமில்லை. ஆனால் பெறாமகள் வேலையால் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், “பெரியம்மா, வாறீங்களோ? நான் போய்ச் சொல்லப்போறன்” என்றாள். அவள் வட்டத்தில் எழுந்து, எனக்கு இல்லை என்று சொன்னதை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். அதே கைதட்டு. வீட்டுக்கு வரும்போது அவள் என்னுடைய கையைக் கோத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் முழுக்க அவளும் இன்னும் நாலு பேரும் சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடினார்கள். சூடான் அம்மாவின் மகனும் அதில் ஒருவன். எழுதினதை மாறி மாறி வாசித்துத் திருத்துவார்கள், கொங்கோப் பெண் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவாள். அடுத்த ஜனவரியில் வேறொரு யூனிவர்சிற்றியிலிருந்து பதில் வந்தது. பார்மசிதான், முழு ஸ்கொலர்ஷிப். தங்கச்சி முதலில் ஓடிப்போய்ச் சொன்னது கீழ்வீட்டு அன்ரிக்கு. சூடான் அம்மாவின் மகனுக்கும் ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஐந்து பேரில் ஒருத்திக்கு மட்டும் இன்னும் இல்லை. அவள் இந்தச் சனிக்கிழமையும் நூலகத்துக்கு வருகிறாள், என் பெறாமகளும் அவளுக்காகப் போகிறாள்.

விசா இன்னும் வரவில்லை. அது வேறு கதை.

இப்போது கோயிலில் யாராவது என்னிடம், பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டால், பார்மசி படிக்கிறாள் என்பதோடு நிறுத்தமாட்டேன், முதல் வருஷம் இல்லை என்று வந்ததையும் பக்டரிக்குப் போனதையும் சேர்த்தே சொல்லுகிறேன். அதைக் கேட்ட பிறகுதான், இவ்வளவு நேரமும் பேசாமல் நின்ற ஒரு தாய் மெதுவாகக் கிட்ட வந்து, தன் பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.