விமலாவும் போளூர்க் கல்லும்

விமலா போய்விட்டார். நேற்றே எல்லாம் முடிந்துவிட்டதாம்... இன்று காலைதான் அவர் மகள் போனில் சொன்னாள்.

அஞ்சலி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இவருக்கும் எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் இருவரும் அரசாங்க ஜியாலஜிஸ்டுகள். ஆரணியில் ஒரு நெசவாளர் தெருவில் வாடகை வீடுதான் ஆபீஸ்.

பின்பக்கம் சாம்பிள் உடைப்போம். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா வந்து நின்றார். "ஏம்மா, நீங்க கல்லு ஒடச்சிகினே இருந்தா தூசியெல்லாம் தறிக்குக் கட்டின பட்டுப் பாவு நூலுல வந்து படியுது. ஒரே பேஜாரா கீது."

மறுநாளே விமலா சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். வெயிலில் நானும் பின்னாலேயே...

போளூர்ப் பக்கம் ஒரு குன்றில் எடுத்த கல்லுக்கு லேப் ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் ஏகத்துக்கும் அதிகம். மக்னீசியமும் அதிகம்; இரண்டும் ஒரே கல்லில் சேர்ந்து வருவது அபூர்வம். "சாம்பிள் மாறிப்போச்சும்மா" என்று எங்கள் அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

டீக்கடையில் விமலா பொருமினார். "மேல இருக்கிற கல்லு உருகினா பொட்டாசியம் வரும், மூர்த்தி. மக்னீசியம் இவ்ளோ வராதுங்க. இது ரொம்ப ஆழத்துலேர்ந்து வந்தது. ரெண்டு கண்டம் மோதறதுக்கு முன்னாடியே பொட்டாசியம் இருக்கிற கடலடி மண்ணு உள்ள போயி, பூமியோட மேலோட்டுக்கு அடியில இருக்கிற கீழ்ப்பாறையில ஊறிகினு இருந்திருக்கு. மோதல் அடங்கின அப்புறம் அதான் உருகியிருக்கு."

திரும்பவும் போனோம். வெயிலிலும் மழையிலும் அழுகாத கல்லாகப் பார்த்து உடைத்தோம். வரும் வழியில் பஸ் பிரேக்டவுன், இருட்டிவிட்டது. விமலா சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். கேரியரைத் திறக்கவே இல்லை.

"தண்ணியாவது குடிங்க."

"வேணாங்க. நீங்க கல்லு மூட்டையைப் பிடிங்க, ஜல்தி."

இரண்டாவது ரிசல்ட்டும் அதேதான். அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, ரிப்போர்ட்ல போடுங்க" என்றார். விமலா சிரிக்கக்கூட இல்லை. மேஜையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார்.

கல் எங்கிருந்து வந்தது என்பதை உறுதி செய்ய அதிலுள்ள தனிமங்களின் ஐசோடோப் விகிதம் பார்க்க வேண்டும். அதற்கான மெஷின் எங்களிடம் இல்லை. அதற்குள் அவருக்கு டிரான்ஸ்ஃபர்... பிறகு குடும்பம், பதவி, ரிட்டயர்மென்ட்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரலே இல்லை. "அந்தக் குன்னுல யாராச்சும் ஐசோடோப் பாத்தாங்களா?"

"தெரியலையே விமலா."

"பாப்பாங்க. கல்லு எங்க போவப்போவுது."

நிம்மதியாகத் தூங்குங்க, விமலா...