ராணி ஏன் மலையில் தங்கினாள்

அன்று எக்ஸ்சேஞ்சில் சேலம் லைன் என் போர்டில் இருந்தது. காலை பதினொன்றரை மணி இருக்கும். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து கள்ளக்குறிச்சி மளிகைக் கடை ஒன்றின் எண்ணுக்கு டிரங்க் கால் கேட்டார்கள். அந்த எண் எனக்கு மனப்பாடம். ராணி வீட்டுக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கடைக்குத்தான் பேசுவோம். லைனை இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு கணத்தில் ராணியின் தம்பி பேசினான்.

"அக்கா போயிடுச்சுங்க. அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஒடம்பு ஜாஸ்தின்னு மட்டும் சொல்லி பஸ் ஏத்தி வுடுங்க."

நான் விலகினேன். மாற்று ஆள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவாள். தலையில் ஹெட்செட், அதன் வயர் போர்டில். அந்த இரண்டரை மணி நேரமும் கரும்பு ஆலைக்கும், நெல் மண்டிக்கும், யாரோ ஒருவரின் கல்யாணப் பேச்சுக்கும் லைன் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து போர்டில் இருந்தவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதையும் உடனே வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாததால் ராணிக்கு நேர்ந்ததையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. நம் எக்ஸ்சேஞ்சில் அவளோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். மஞ்சள் காமாலை என்று அவள் லீவு எழுதிக் கொடுத்தபோதுகூட, "மறுபடி மலைக்குப் போயிட்டாளா?" என்று சிரித்தவர்கள் நம்மில் உண்டு.

என்னைவிட அவள் ஐந்து வயது மூத்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் "அக்கா" என்று கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்ட கூப்ட வயசு ஏறிக்கினே போவும். பேரச் சொல்லு" என்றாள். எனக்கு அவள் வைத்த பெயர் புஸ்தகம். என் கைப்பையில் எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும் என்பதால். "இன்னாடி புஸ்தகம், இன்னிக்கி யாரு செத்தாங்க கதையில?" என்பாள். அவள் கதை படிக்க மாட்டாள். அவள் படித்ததெல்லாம் வரைபடங்களும் ரயில் கால அட்டவணையும்தான்.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர இலாகா தரும் பயணச் சலுகையை நம்மில் பலர் திருப்பதிக்கோ காசிக்கோ எழுதுவார்கள். ராணி முதல் முறையே இமயமலை நடைப்பயணத்துக்கு எழுதினாள். போன இடத்தில் நடந்ததை அவளே சொல்லிச் சிரிப்பாள். "இருக்கறதுலயே ஒசரமா ஒண்ணு பாத்து எடுத்தேன். மூணாம் நாளு தலவலி, வாந்தி. கோவேறு கழுத மேல உக்கார வெச்சி எறக்கினாங்க. எல்லாரும் மலையப் பாத்தாங்க, நான் கழுத காதப் பாத்தேன்." கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்துக்கொள்வாள்: "மலை என்ன ஒண்ணும் பண்ணல. எனக்கு எது ஆவும்னு பாக்காம போனது நானு."

போன வருடம் ஆடி மாதம் அவளுடைய அடுத்த சலுகையும் என்னுடைய முதல் சலுகையும் ஒன்றாக வந்தன. வரும் மே மாதம் இருவரும் சேர்ந்து போவது என்று முடிவு செய்தோம். எனக்கு அது ஒரே ஒரு வாய்ப்பு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தனியாக எங்கும் போக விடமாட்டார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நடைப்பயண விளக்கத் தாள் வந்ததும் பதினாலாயிரம் அடிக் கணவாயைக் கடக்கும் வழியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். ஒன்பது நாள் நடை.

ராணி டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தாள். "ஒசரத்த அப்புறம் பாருடி. லீவு எத்தினி நாளு, அத்த பாரு மொதல்ல." பதினைந்து நாள் லீவு. முன்னும் பின்னும் ஞாயிறு சேர்த்தால் பதினேழு. இங்கிருந்து பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மலையடிவாரம் போய்ச் சேர நான்கு நாள், திரும்பி வர நான்கு நாள். மலைக்கு மிச்சம் ஒன்பது.

"சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"ஒம்பதுக்கு ஒம்பதுன்னா அது சரி இல்ல, மாட்டிக்கிறது. மழ வந்தா? உனக்கு மூச்சு முட்டினா? ஒரு நாளாவது சும்மா இருக்கணும்."

பதினோராயிரம் அடியைத் தாண்டாத இன்னொரு வழியைக் காட்டினாள். ஏழு நாள். தேவதாரு காடு, புல்வெளி, ஒரு ஏரி. கணவாய் கிடையாது. நான் ஒரே தடவைதான் போகப் போகிறேன், அதில் பாதி மலையைப் பார்த்துவிட்டு வரவா என்று கேட்டேன். "ஒரே வாட்டி போறவதான் பாத்து எடுக்கணும். பத்து வாட்டி போறவளுக்கு ஒண்ணு கெட்டாலும் ஒம்பது இருக்கு" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே ஒரு ஏற்பாடு சொன்னாள். கல்வராயன் மலையில் பையில் சுமையோடு மூன்று நாள் தொடர்ந்து நடப்பது. மூன்றாம் நாள் என் முட்டி என்ன சொல்கிறதோ, அதன்படி எடுப்பது.

புரட்டாசி தொடக்கத்தில் நான்கு நாள் லீவு போட்டோம். மூன்று நாள் நடை, நான்காம் நாள் அவளுடைய சும்மா நாள். ஐந்தாம் நாள் மதியம் எனக்கும் அவளுக்கும் டூட்டி. அதே ஐந்தாம் நாள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். கேட்டது நியாயம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நான்காம் நாளே இறங்கிவிடுவோம் என்பதால் அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

பையில் ஆளுக்கு எட்டுக் கிலோ அரிசியைச் சுமையாகப் போட்டாள். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ராணி மெதுவாக நடந்தாள். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. முந்திப் போய்ப் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனாள். மூன்றாம் நாள் காலை என் வலது முட்டி மடங்க மறுத்தது. நான் சொல்லவில்லை. ஓர் இறக்கத்தில் திரும்பிப் பார்த்து அவளே சொன்னாள்: "நண்டு மாரி பக்கவாட்டுல நடந்துக்கினு வரியே, இதுக்கு மேல இன்னாடி வோணும்? ஏழு நாள் வழிதான்." சரி என்றேன். அழுகை வந்தது, அதையும் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சின்னப்பொண்ணு வீட்டில் தங்கினோம். மலைப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்பவள், ராணிக்குத் தெரிந்தவள். மறுநாள் காலை பஸ்ஸில் இறங்க வேண்டும். கணவாய்தான் இல்லையென்று ஆகிவிட்டது, அருவியையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சும்மா நாள் ஒன்று கையில் இருக்கிறதே என்றேன். "அது செலவு பண்றதுக்கு இல்லடி, வெச்சிக்கறதுக்கு" என்றாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனாலும் டூட்டிக்குப் போய்விடலாம், மறியலெல்லாம் மெயின் ரோட்டில்தான், ஒரு பஸ் போகிற மலை ரோட்டை யார் மறிக்கப் போகிறார்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சம்மதித்தாள். அருவி நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பஸ் வரவில்லை. அடிவாரத்திலிருந்து வழிநெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றும் மறுநாளும் அந்த வீட்டுக்குள்ளும் வாசலிலும் கிடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சுமையாகத் தூக்கி வந்த அரிசியை எல்லோரும் சாப்பிட்டோம். மழை விட்ட நேரத்தில் சமவெளியில் இரண்டு மூன்று இடங்களில் புகை தெரிந்தது. மேலே நடந்து வந்த ஒருவர் காலனி வீடுகள் எரிகின்றன என்றார். ராணி எந்த ஊர் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் எழுந்து போய் அரிசி களையத் தொடங்கினாள்.

எனக்கு ஓடிக்கொண்டிருந்த கணக்கு வேறு. இரண்டு டூட்டி போய்விட்டது. அவசர காலத்தில் எக்ஸ்சேஞ்சுக்கு வராதவர்கள் மேல் நடவடிக்கை உண்டு. எங்கள் இருவரின் மே மாத லீவு விண்ணப்பமும் சூப்பர்வைசர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஏழாம் நாள் காலை, நடந்தே இறங்கிவிடலாம் என்றேன்.

"எறக்கந்தானே ராணி. மெதுவா போனாலும் சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்."

"உனக்கு ஆவும்."

"என் முட்டிக்கே ஆகும்னா உனக்கென்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். "முட்டிய வெச்சி பாக்கற வழியா இது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராணி காலனிப் பெண். நான் தியாகதுருகம் பக்கம், மறியல் செய்தவர்களின் சாதியில் நிலம் உள்ள வீட்டுப் பெண். மூன்று வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதில் அதை நான் மறந்திருந்தேன். மறப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

உறைத்த பிறகும் நான் கிளம்பினேன். நான் போய் இருவருக்குமாகச் சொல்கிறேன் என்றேன். சின்னப்பொண்ணு, "இந்தப் பொண்ண வுட்டுட்டா போற?" என்று நேராகக் கேட்டாள். ராணிதான் அவளை அடக்கினாள். திருப்பம் வரை கூட வந்து, குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். "எறக்கத்துல வெரலு முன்னாடி முட்டக் கூடாது. அவசரப்படாத" என்றாள்.

முதல் மரம் ஒரு புளியமரம். அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" அப்பா பெயரைச் சொன்னேன். "அட, நம்ம பொண்ணுடா. வழி வுடு" என்றார் ஒருவர். என் பையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். குடிக்க மோர் கொடுத்தார்கள். பதினொரு இடத்தில் அதே கேள்வி, அதே பதில். நடுவில் ஒரு காலனியைக் கடந்தேன். கூரைகள் கருகியிருந்தன. ஆள் யாரும் இல்லை. நான் நிற்கவில்லை.

அடுத்த நாள் டூட்டியில் சேர்ந்தேன். அதற்கு ஐந்து நாள் கழித்து, பஸ் ஓடிய பிறகு ராணி வந்தாள். "மலை ராணி வந்துட்டாங்க, ஆரத்தி எடுங்க" என்று நம்மில் யாரோ சொன்னார்கள். சூப்பர்வைசர் அவளிடம் கேட்டது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும், கதவு திறந்துதான் இருந்தது. "உன்கூட வந்த பொண்ணு நடந்து வந்துட்டுதே. உனக்கு மட்டும் வழி இல்லையா?" அந்த அறையில், அத்தனை பேர் கேட்க, அவள் எதைச் சொல்லியிருக்க முடியும்?

என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான் எழுதியது ஒரே வரி: "நான் ஏழாம் நாள் நடந்து வந்து சேர்ந்தேன்." பக்கம் பக்கமாகப் படித்தவள், ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. எழுதினால் அப்பாவின் பெயரையும் வழி விட்டவர்களையும் எழுத வேண்டும். ஊரில் கேட்பார்கள். என் லீவு போகும். என் வரியை வைத்து அவளுடைய நாட்களை அனுமதியில்லாத விடுப்பு என்று பதிந்தார்கள். அவளுடைய மே மாத லீவு ரத்தானது. எனக்குக் கிடைத்தது.

"இன்னாடி எழுதிக் குடுத்த?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நடந்து வந்தேன்னு."

"நெசந்தானே" என்றாள். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு அவள் இருந்த ஐந்து மாதத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. என் பயணத்துக்கு ரயில் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். "ஏழு நாள் வழி, ரெண்டு நாள் சும்மா. அந்த ரெண்ட தொடாத" என்றாள்.

இப்போது அவள் தம்பிக்கு வாரிசு வேலை கேட்டு அம்மா மனு கொடுத்திருக்கிறார். அவளுடைய கோப்பில் அந்தப் பதிவும், அதற்கு ஆதாரமாக என் வரியும் இருக்கின்றன. நேற்றுக் காலை புதிய விளக்கம் ஒன்றை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "போனவங்களுக்கு இப்ப எதுக்கும்மா இது?" என்றார் சூப்பர்வைசர். வாங்கிக்கொள்ளும் வரை நின்றேன். வாங்கிக்கொண்டார்.

எந்த வழியையும் எடுப்பதற்கு முன் அது கூட வருபவளுக்கு ஆகுமா என்று பார்ப்பது, ராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. காலம் கடந்து வைத்துக்கொண்டது. கோப்புக்குள் போய்விட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் அந்த விளக்கத்தை இங்கே உங்களுக்கும் தருகிறேன்:

"நான் நடந்து வந்தேன். பதினொரு இடத்தில் என் அப்பா பெயரைக் கேட்டுத்தான் என்னை விட்டார்கள். ராணியை அந்த வழியில் விட்டிருக்க மாட்டார்கள். அது தெரிந்தே அவளை விட்டுவிட்டு இறங்கினேன். முன்பு இதை எழுதாதது என் தவறு."